கம்பெனிக்குப் போன எக்ஸ்ரே

கோபம் ஆறட்டும், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. ஆறாமலேயே எழுதிவிடுகிறேன்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள். கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கிய வேலை, மூத்த மகள் காலேஜ் முடித்த பிறகும் என்னை விடவில்லை. முதலில் ஓர் எலும்பு டாக்டரிடம் இருந்தேன். பிறகு பாண்டிச்சேரி டவுனுக்குள் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் நெடுங்காலம். வீடு ரெட்டியார்பாளையத்தில். அப்பா மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு ஆட்டோ ஓட்டித்தான் என்னை இந்தப் படிப்பு படிக்க வைத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருட்டறையில் நாள் முழுக்க என்னதான் செய்கிறாய் என்று கேட்பார். மனுஷங்களை நிற்கச் சொல்கிறேன், மூச்சைப் பிடிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான் என்பேன். அவ்வளவுதான் இல்லை என்பது எனக்கே பிறகுதான் விளங்கியது.

சென்டரின் முதலாளி வயதான டாக்டர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். வருஷத்தில் சில மாதங்கள் பிரான்சில் பிள்ளைகள் வீட்டில் இருப்பார். பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய்கள், எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாக்கள், ஸ்கேனுக்கு வந்தால் அவர்களோடு பிரெஞ்சில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார். என்னை 'வாம்மா போம்மா' என்றுதான் கூப்பிடுவார். கடுமையாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. சென்டரை நடத்தியது மேனேஜர். என்னைவிட வயதில் இளையவர், சுறுசுறுப்பானவர், இதற்கு முன் ஏதோ கார் கம்பெனியில் விற்பனையில் இருந்தவர். யார் உள்ளே வந்தாலும் அவருக்கு அவர்கள் கஸ்டமர்.

அவர் பிடித்துக்கொண்டு வந்ததுதான் அந்தக் கம்பெனி. ஊருக்கு வடக்கே ஒரு பேக்கிங் தொழிற்சாலை. அதற்குப் பெண்களை வேலைக்கு எடுத்துத் தரும் காண்ட்ராக்டர் ஒருவர். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாருக்கும் ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. வேனில் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். கூடவே காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அம்மா ஒருத்தி, கையில் பெயர்ப் பட்டியலோடு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருப்பதால் முகமெல்லாம் வாடியிருக்கும்.

எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. எக்ஸ்ரே என்பது ஒரு டாக்டர் ஆளைப் பார்த்து, இவருக்கு இது தேவை என்று எழுதிக் கொடுத்து எடுக்கவேண்டியது. கொஞ்சமே கொஞ்சம் கதிர்வீச்சு என்றாலும் காரணம் இருந்தால்தான் உடம்பின் மேல் விடவேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இந்தப் பெண்களை எந்த டாக்டரும் பார்க்கவில்லை. பட்டியலில் பேர் இருந்தது, அதுதான் காரணம். மேனேஜரிடம் கேட்டேன். நம்ம டாக்டர் மொத்தமாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறார், அது போதும் என்றார். நெஞ்சு எக்ஸ்ரேயில் என்ன ஆகிவிடப்போகிறது, நீங்கள்தான் பெரிசு பண்ணுகிறீர்கள் என்றும் சொன்னார்.

பிறகு அந்த சூப்பர்வைசர் அம்மா எக்ஸ்ரே அறைக்குள் வந்து நின்றாள். வெளியே இருங்கள் என்றேன். எல்லாம் பொம்பளைகள்தானே, என்ன வெட்கம் என்றாள். வெட்கத்துக்காக இல்லை. ஒவ்வொரு பெண்ணிடமும் நான் ஒரு கேள்வி கேட்கவேண்டும். கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள், முழுகாமல் இருக்க வாய்ப்பு உண்டா என்று. அந்தப் பதிலை வேலை கொடுக்கிறவளின் முன்னால் எந்தப் பெண் உண்மையாகச் சொல்லுவாள்? அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். அன்றைக்கே என்மேல் முதல் புகார் போயிற்று.

அப்படி வந்த ஒரு கூட்டத்தில்தான் அவள் வந்தாள். கனகசெட்டிக்குளத்துப் பெண். முப்பது சொச்சம் வயது, நல்ல உயரம். புருஷன் அடுத்தவர் போட்டில் கடலுக்குப் போகிறவர். இரண்டு பிள்ளைகள், சின்னது இன்னும் பள்ளிக்கூடம் போகாதது. மற்றவர்கள் மிரண்டு நிற்க, அவள் மட்டும் மெஷினை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது உள்ளே இருப்பதை எல்லாம் காட்டிவிடுமா, மாமியாரைப் பற்றி நினைப்பதுகூடத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாலியைக் கழற்ற வேண்டாம், பின்பக்கம் மேலே தூக்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சரிசெய்து, தோளை முன்னால் தள்ளி நிற்க வைத்தேன். மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். இழுத்தாள், இருமல் வந்துவிட்டது. மறுபடி சொன்னேன். மறுபடியும் இருமினாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான், சாயங்காலமானால் உடம்பும் காய்கிறது, வெயிலில் மீன் காய வைத்த தூசி என்று சொன்னாள்.

படம் திரையில் வந்ததும் பார்த்தேன். வலப்பக்கம் மேலே, காறை எலும்புக்குக் கீழே, இருக்கக்கூடாத வெள்ளை.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். படத்தைப் பார்த்து இது இன்ன நோய் என்று நோயாளியிடம் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. அந்த விதியை நான் மதிக்கிறேன். நிழல் ஏமாற்றும். பழைய தழும்பாக இருக்கும், பின்னல் மயிர் தோளில் விழுந்ததாகக்கூட இருக்கும். நான் ஒன்று சொல்லி, அவள் வீட்டுக்குப் போய் அழுது, கடைசியில் ஒன்றுமில்லை என்று ஆகலாம். ஆனால் அந்த விதிக்கு இன்னொரு பாதி இருக்கிறது. படத்தைப் படிக்கிற டாக்டர் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகம் படத்துக்கு உரியவளிடம் போய்ச் சேரவேண்டும். முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் குப்பையில் போடுகிறவர்களைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

ரிப்போர்ட் வந்ததும் தவறாமல் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள், இருமலையும் காய்ச்சலையும் சொல்லுங்கள் என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன். அவள் தலைப்பின்னலைச் சரிசெய்துகொண்டே, "ரிப்போர்ட்ட எங்ககிட்ட குடுக்க மாட்டாங்களே சிஸ்டர். நேரா கம்பெனிக்குத்தான் போவுமாம்" என்றாள்.

அதுவரை எனக்கு அது தெரியாது. படங்களைப் படிக்கிற டாக்டர் சென்னையில் இருந்து கம்ப்யூட்டரில் பார்ப்பவர். அவருக்கு இதை முதலில் பாருங்கள் என்று குறித்து அனுப்பினேன். டி.பி. சந்தேகம், உடனே சளிப் பரிசோதனை தேவை என்று எழுதிவிட்டார். அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். இது அந்தப் பெண்ணுக்குத் தெரியவேண்டும் என்றேன். கம்பெனிக்கு மெயில் போட்டாயிற்று, அங்கே அவர்களுடைய டாக்டர் பார்த்துச் சொல்லுவார் என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன். ஒரு தொழிற்சாலை, அதற்கென்று ஒரு டாக்டர் இருக்கத்தானே செய்வார்.

சில வாரங்கள் கழித்து அடுத்த கூட்டம் வந்தது. சூப்பர்வைசர் அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்த உயரமான பெண், கனகசெட்டிக்குளத்துக்காரி, எப்படி இருக்கிறாள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அன்ஃபிட் என்று வந்துவிட்டது, எடுக்கவில்லை என்றாள். ஏன் என்று அவளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"அது எதுக்குங்க? எடுக்கலன்னு சொன்னா போயிடப் போறாங்க" என்றாள்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பட்டியலைப் பிரித்தாள். அவள் கெட்டவள் இல்லை என்று பிறகு பலர் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அந்த டம்ளரை வைத்த நிதானத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் நெஞ்சில் என்ன இருக்கிறது என்பது சென்னையில் முகம் தெரியாத டாக்டருக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியும், காண்ட்ராக்டருக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். நெஞ்சுக்குச் சொந்தக்காரிக்குத் தெரியாது. அவள் பாட்டுக்கு இருமிக்கொண்டு பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

மேனேஜரிடம் சண்டை போட்டேன். கதவு திறந்திருந்தது, ரிசப்ஷன் வரை கேட்டிருக்கும். டி.பி. என்றால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும், தனியாராக இருந்தாலும் அது சட்டம் என்றேன். இது சந்தேகம்தான், உறுதி இல்லை, உறுதி இல்லாததைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றார். அப்படியானால் அவளுக்காவது போன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். அப்போதுதான் அவர் எனக்கு ரகசியம் காப்பதைப் பற்றி வகுப்பு எடுத்தார். ரிப்போர்ட் கம்பெனிக்குச் சொந்தம், ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது, கம்பெனியின் அனுமதி இல்லாமல் மூன்றாம் நபருக்குச் சொல்லக்கூடாது என்றார். அவள் மூன்றாம் நபர். போன் நம்பரைத் தேடிப் பார்த்தேன். வேனில் வந்த எல்லாப் பெண்களுக்கும் ஒரே நம்பர்தான் பதிவாகியிருந்தது. சூப்பர்வைசர் அம்மாவின் நம்பர்.

என் வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று பிறகு பலர் கேட்டார்கள். இல்லை. ஒருவருக்கும் இல்லை. இதற்குக் கோபப்படுவதற்கு வீட்டில் ஒருத்தர் செத்திருக்கவேண்டும் என்று ஏன் நினைக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. கணவரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். காலாப்பட்டு தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று முன்னால் இறங்கினால் கனகசெட்டிக்குளம். எனக்குத் தெரிந்தது அவள் பேர் மட்டும். ஒரு மீனவக் குப்பத்தில் ஒரு பெண்ணை, எதற்குத் தேடுகிறோம் என்று வாய் திறக்காமல் தேடிக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வருகிறேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அவளுக்கு ஒரு வியாதி கட்டிவிடுவார்கள். ஏதாவது உறவு என்று சொல்லலாமா என்றால் என் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். முதலில் விசாரித்த வீட்டில் என்னைக் குழுக் கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்து, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தெருவிலும் அதேதான். கடைசியில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், கம்பெனி வேலை விஷயமாகப் பார்க்கவேண்டும் என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. அந்த அம்மா உடனே ஒரு பெண்பிள்ளையை அனுப்பினார்.

அவள் ஏறக்குறைய ஓடித்தான் வந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "வேல கெடச்சிருச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

கொஞ்சம் தனியாகப் பேசவேண்டும் என்றேன். கடற்கரைப் பக்கம் நிறுத்தியிருந்த போட்டுகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். நடக்கும்போதே இளைத்திருப்பது தெரிந்தது. படத்தில் டாக்டர் ஒரு சந்தேகம் எழுதியிருக்கிறார், டி.பி.யாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், சளிப் பரிசோதனை செய்தால்தான் தெரியும், இருந்தாலும் மாத்திரையில் குணமாகிவிடும், அரசாங்கத்தில் எல்லாம் இலவசம் என்று சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு வந்தது எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்.

"கம்பெனிக்காரங்களுக்கு இது தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"வேன்ல வந்துச்சே ஒரு பொம்பள, அதுக்கு?"

தெரியும் என்றேன்.

"மீன் நாத்தம் அடிக்குதுன்னு எடுக்கல போலன்னு நெனச்சிட்டிருந்தேன். ஊட்டுக்காரர்கிட்டயும் அதத்தான் சொன்னேன். நாலு தடவ சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் அன்னிக்கு வந்தேன் சிஸ்டர்."

அவள் அழவில்லை. நான்தான் போட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது சோகத்தால் இல்லை. கை நீட்டி யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது, அடிக்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. அவள், சின்னதுக்கும் இருமல் இருக்கிறது, அதையும் காட்டவேண்டுமா என்றாள்.

மறுநாள் நான் லீவு போட்டேன். அரசு காசநோய்ப் பிரிவுக்கு அவளையும் புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த இளம் பெண் டாக்டர் பொறுமையாக எல்லாம் கேட்டார். சளியில் கிருமி இருந்தது. அன்றே மாத்திரை ஆரம்பித்தார்கள். பெரிய பையனுக்கு ஒன்றும் இல்லை, தடுப்புக்கு மட்டும் மாத்திரை. சின்னப் பெண்ணுக்குக் கழுத்தில் கட்டி இருந்தது. அதற்கும் டி.பி.தான் என்று சில நாளில் தெரிந்தது.

எப்போது தொற்றியது என்று நான் அந்த டாக்டரிடம் கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, அம்மாவுக்கு நோய் வந்ததில் இருந்து எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம், நீங்கள் படம் எடுத்ததற்கு முன்னாலேயே இருக்கலாம் என்றார். நேர்மையான பதில். ஆனால் அந்தப் பதில்தான் அவர்கள் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. அந்த ரிப்போர்ட் கம்பெனியின் கம்ப்யூட்டரில் தூங்கிய வாரங்களில்தான் குழந்தைக்கு வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாது என்பதால் யாருக்கும் உறுத்தவும் இல்லை.

அந்த டாக்டர் முதலில் எடுத்த எக்ஸ்ரேயையும் ரிப்போர்ட்டையும் கேட்டார். பின்னால் எடுக்கும் படத்தோடு ஒப்பிட அது வேண்டும். நானே எடுத்துக் கொடுத்திருக்கலாம். ஆனால் அவள் வேண்டாம் என்றாள். நானே வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறேன் சிஸ்டர் என்றாள்.

இரண்டு நாளில் வந்தாள், வாயில் மாஸ்க்கோடு. புருஷன் வெளியே வண்டியில் இருந்தார். ரிசப்ஷனில் போய், என் எக்ஸ்ரே வேண்டும் என்று கேட்டாள். ரிசப்ஷன் பெண் மேனேஜரைக் கூப்பிட்டாள். நான் என் அறை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனியிடம் இருந்து ஒரு மெயில் வாங்கி வாருங்கள், தருகிறோம் என்று மேனேஜர் தன்மையாகத்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் சுவரில் நோயாளிகளின் உரிமைகள் என்று ஒரு பலகை, எல்லா ஆஸ்பத்திரியிலும் மாட்டுகிற மாதிரி. அவள் அதை நிதானமாகப் படித்தாள். தன் நோயைப் பற்றி அறிந்துகொள்ளும் உரிமை, தன் மருத்துவப் பதிவுகளின் நகலைப் பெறும் உரிமை என்று வாய்விட்டே படித்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத யாருக்கு எழுதி மாட்டியிருக்கீங்க?" என்றாள்.

"பேஷண்ட்டுக்கும்மா. நீங்க எங்க பேஷண்ட்டே இல்ல. கம்பெனிதான் எங்க கஸ்டமர்" என்றார் மேனேஜர்.

அவர் வாய்தவறிச் சொல்லவில்லை. அவர் அதை நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் உள்ளே போய் அவள் படத்தை எடுத்து, ஃபிலிமில் அடித்து, ரிப்போர்ட்டையும் சேர்த்து உறையில் போட்டுக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் அவள் கையில் கொடுத்தேன். மேனேஜர் முகம் சிவந்துவிட்டது. மேடம், இதற்கு நீங்கள் பதில் சொல்லவேண்டியிருக்கும் என்றார். சொல்கிறேன், யார் கேட்டாலும் சொல்கிறேன் என்றேன். என் குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்கியதாக அங்கே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். இருக்கட்டும்.

முதலாளியான பெரிய டாக்டர் அப்போது ஊரில்தான் இருந்தார். மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். நான் செய்தது தப்பு என்று அவர் சொல்லவில்லை. செய்த விதம்தான் சரியில்லை என்றார். நோயாளி வீட்டைத் தேடிப் போவது நம் வேலை இல்லை, அதனால் அந்தப் பெண்ணின் ரகசியம் ஊருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னையே கேட்டார். அந்தப் பெண்கள் எல்லாரும் வேனில் ஏறும்போதே ரிப்போர்ட்டைக் கம்பெனிக்குக் கொடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், சட்டப்படி நம்மேல் குற்றம் இல்லை என்றும் சொன்னார். அந்தத் தாள் இங்கிலீஷில் இருந்தது. கையெழுத்துப் போட்டால்தான் வேனில் இடம். அதைச் சம்மதம் என்று சொல்ல அவருக்கு நா கூசவில்லை.

நான் ஒன்று கேட்டேன். "கம்பெனிக்குக் குடுக்கச் சம்மதம்னு போட்டிருக்காங்க. எனக்குச் சொல்லாதீங்கன்னு போட்டிருக்காங்களா டாக்டர்?"

அவர் காபி டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எனக்குத் தெரிந்ததைவிட நூறு மடங்கு அவருக்குத் தெரியும். பிரான்சில் அவர் பேத்திக்கு இப்படி ஒரு கம்பெனி செய்திருந்தால் வக்கீலைக் கூப்பிட்டிருப்பார். இங்கே செய்தது கனகசெட்டிக்குளத்துப் பெண்ணுக்கு. அதனால் காபி வரவழைத்தார்.

ஆனாலும் அவர் ஒன்று செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. இனிமேல் கம்பெனி மூலம் வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ரிப்போர்ட்டின் ஒரு நகல் கையில் கொடுக்கவேண்டும், சந்தேகம் ஏதாவது இருந்தால் அவரே கூப்பிட்டுப் பேசுவார் என்று உத்தரவு போட்டார். அடுத்த கூட்டத்துக்கு அப்படித்தான் கொடுத்தோம். அதற்கு அடுத்த கூட்டம் வரவில்லை. கம்பெனி வேறு சென்டருக்குப் போய்விட்டது. அங்கே நகல் கொடுக்கிற தொல்லை இல்லை.

அதன்பின் சென்டரில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துபோனார்கள். வரும்படி போனது என்னால்தான் என்று மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். தீபாவளிக்கு எல்லாருக்கும் கொடுப்பது அந்த வருஷம் குறைந்தபோது, சாப்பாட்டு மேஜையில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவள் எழுந்து போனாள். இவ்வளவு நாள் என்னோடு சோறு பங்கிட்டுத் தின்றவள். நான் விலகிவிட்டேன். இப்போது விழுப்புரம் ரோட்டில், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறேன்.

சுகாதாரத் துறைக்கு அவளும் நானும் சேர்ந்து புகார் எழுதினோம். தமிழில் எழுதினோம், அவளுக்கு ஒவ்வொரு வரியும் புரியவேண்டும் என்பதற்காக. பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று இன்னொன்று வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது, சம்பந்தப்பட்ட பெண்தான் இப்போது சிகிச்சையில் இருக்கிறாரே, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார் அங்கே இருந்த அதிகாரி. தன் மேஜையைத் தட்டிவிட்டு எழுந்துவந்த என்னைப் போல ஒரு பெண்ணை அவர் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

மாத்திரைகளை அவள் ஒரு நாளும் விடவில்லை. ஆரம்பத்தில் குமட்டலும் மூட்டு வலியும் படாத பாடு படுத்தின. மாத்திரை முடிந்து சளி சுத்தமாக வந்தது. குழந்தையின் கழுத்துக் கட்டியும் கரைந்தது. நோய் முற்றிலும் குணமாகிவிட்டது, எந்த வேலையும் செய்யலாம் என்று அரசு டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு அந்தக் காண்ட்ராக்டரிடமே போனாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். என்னை வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கே போய் நிற்கவேண்டும் எனக்கு என்றாள்.

சான்றிதழை அவர்கள் வாங்கிப் பார்த்தார்கள். புதிதாக ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வா என்றார்கள், அவர்களுடைய புது சென்டரில். எடுத்தாள். டி.பி. ஆறினாலும் நுரையீரலில் தழும்பு நின்றுவிடும். கையில் வெட்டுப்பட்ட இடத்தில் கோடு நிற்பதைப் போல. ஆயுசுக்கும் போகாது, அதனால் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை. படத்தில் நிழல் இருக்கிறது என்று மறுபடியும் அன்ஃபிட் போட்டுவிட்டார்கள். இந்தத் தடவையும் நகல் தரவில்லை. சான்றிதழைக்கூட அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். இப்போதெல்லாம் என்னை அக்கா என்கிறாள். நான் கொதித்துப்போய், தழும்பைப் பற்றி அரசு டாக்டரிடம் தனியாக எழுதி வாங்கலாம், அந்தப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம், நானே வருகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"வாணாங்க்கா. இனிமே எவனுக்கும் என் நெஞ்சப் படம் புடிச்சுக் காட்ட மாட்டேன். டாக்டர் கேட்டா காட்டுறேன். வேல குடுக்கறவன் கேட்டா என் கையப் பாக்கட்டும்" என்றாள்.

காலாப்பட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டல் சமையல் கூடத்தில் இப்போது வேலை செய்கிறாள். சேரும்போது, எனக்கு டி.பி. இருந்தது, குணமாகிவிட்டது என்று அவளாகவே அங்கே சொல்லியிருக்கிறாள். அங்கே இருந்த வார்டன் அம்மா, என் தம்பிக்கும் இருந்தது, நாளைக்கே வா என்று சொல்லிவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள்.

அவளுக்கு நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் உர்ரென்று இருக்கிறாய் என்று என் கணவர் கேட்கிறார். அந்த வேன்களில் வந்த எல்லாப் பெண்களையும் நான் தேடிப் போகவில்லை. என் சென்டரில் இருந்து போனவர்கள் அவ்வளவு பேரின் பேரும் எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது வேறொரு சென்டரில், வேறொருத்தி மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். படம் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. இறங்கவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.